விழுந்த பிறகு வரும் பயமும், ‘நான் லாயக்கில்லை’ என்ற நினைப்பும்

கேள்வி எழுதியவருக்கு வயது 38. ஐந்து வருடமாக மவுண்டன் பைக், அதாவது மலைப் பாதைகளில் ஓட்டும் சைக்கிள், ஓட்டுகிறார். சனி, ஞாயிறுகளில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் நண்பர்களோடு போவார். எட்டு மாதம் முன்பு ஓர் இறக்கத்தில், மழையில் நனைந்த வேர் மேல் முன்சக்கரம் வழுக்கி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. அவர் எழுதியதன் சுருக்கம் இது:

“எலும்பு கூடிவிட்டது. ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. ஆனால் அந்த இடம் வந்தால் கை இறுகிவிடுகிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். என்னோடு ஆரம்பித்தவர்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் வந்த நேரத்தை அவர்கள் குழுவில் போட்டால் போனை மூடி வைத்துவிடுகிறேன். இரண்டு மாதமாக சைக்கிளைத் தொடவே இல்லை. நான் எதற்குமே லாயக்கில்லை என்று தோன்றுகிறது. ஆன்லைனில் ஒரு மைண்ட்செட் கோச் 12 வாரத்துக்கு 40,000 ரூபாய் கேட்கிறார். சேரலாமா, இல்லை சைக்கிளை விற்றுவிடலாமா?”

நான் பதினாறு வருடமாக மலைப் பாதைகளில் ஓட்டுகிறேன். ஒன்பது வருடமாகப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மனநல மருத்துவம் படித்தவன் இல்லை. விழுந்தவர்கள் திரும்ப ஓட்ட வரும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன், அவ்வளவுதான்.

பதிலுக்குப் போகும் முன் நான் ஒன்று கேட்க வேண்டும். விழுந்தபோது தலையில் அடிபட்டதா? ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரியான பகுதியில் விரிசலோ நசுங்கலோ இருந்தால் தலையும் அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். எலும்பு முறிந்தால் எல்லோருடைய கவனமும் எலும்பு மேல் போய்விடும், தலையை யாரும் கேட்க மாட்டார்கள். மூளை அதிர்ந்தால் அதன் பின்விளைவாகவே எரிச்சல், தூக்கக் குறைவு, காரணமில்லாத சோகம், கவனம் நிற்காமை எல்லாம் வரலாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். அப்படி ஏதாவது இருந்தால் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அந்த ஹெல்மெட்டையும் திரும்பப் போடாதீர்கள்.

சரி, தலையில் அடியில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்த இறக்கத்தில் உங்களுக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் லாயக்கில்லை என்றும் தோன்றுகிறது. இரண்டும் ஒரே நாளில், ஒரே விழுதலில் ஆரம்பித்ததால் ஒரே நோய் மாதிரி தெரிகிறது. ஆனால் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ‘அந்த இறக்கத்தை ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டால் நான் சரியாகிவிடுவேன்’ என்று நினைத்துப் போகிறார்கள். ஓட்டியும் விடுகிறார்கள். மறுவாரம் அதைவிடப் பெரிய இறக்கம் ஒன்று கண்ணில் படும், மனசு பழையபடி அங்கேயே போய் நிற்கும்.

பயத்தை முதலில் பார்ப்போம், அது எளிது.

கை இறுகும்போது என்ன நடக்கிறது என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். இரண்டு விரல், மூன்று விரல் பிரேக் மேல் வந்துவிடும். முழங்கை நீண்டு விறைத்துவிடும். இடுப்பு சீட்டுக்குப் பின்னால் போய்விடும். பார்வை முன்சக்கரத்துக்கு நேர் கீழே விழும். பின்னால் சாய்ந்ததால் முன்சக்கரத்தில் பாரம் குறைகிறது, பிடி போகிறது. அதன் மேல் பிரேக்கும் சேர்ந்தால் ஈர வேரில் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும். விழக்கூடாது என்று உடம்பு செய்யும் காரியமே விழ வைக்கிறது. ‘பயப்படாதே, விட்டுப் பாரு’ என்று நண்பர்கள் சொல்வது உதவாததற்குக் காரணம் இதுதான். பயத்தோடு வேகமாக இறங்கினால் இதே தப்புகள் கூடுதல் வேகத்தில் நடக்கும்.

இதை நான் ஒரு மாணவியிடம்தான் கற்றேன். ஆறு வருடம் முன்பு, ஒரு சின்ன டிராப் (பாதை படி மாதிரி சட்டென்று கீழே இறங்கும் இடம்) முன்னால் அவர் மூன்று தடவை நின்றுவிட்டார். நாலாவது தடவை நான் பின்னாலிருந்து ‘யோசிக்காதீங்க, போங்க!’ என்று கத்தினேன். அவர் போனார், விழுந்தார், மணிக்கட்டு பிசகியது. எழுந்து என்னைப் பார்த்து, ‘எனக்கு முடியாதுன்னு தெரியும் சார், நீங்க சொன்னதாலதான் போனேன்’ என்றார். அவருடைய பயம் சரியான தகவலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைக் கேட்கவில்லை. அதற்கப்புறம் யாரையும் அப்படித் தள்ளியதில்லை.

உலகத்திலேயே சைக்கிளை மிக நன்றாகக் கையாளத் தெரிந்தவர்களில் ஒருவர் நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் பூல். டோக்கியோ ஒலிம்பிக் மவுண்டன் பைக் போட்டியில், 2021 ஜூலை 26 அன்று, முதல் சுற்றிலேயே ஒரு பாறை டிராப்பில் தலைகுப்புற விழுந்தார். பயிற்சி நாட்களில் அங்கே ஒரு பலகைச் சரிவு இருந்தது. போட்டியிலும் அது இருக்கும் என்று நினைத்து முன்சக்கரத்தைக் கீழே விட்டார், பலகை அங்கே இல்லை. அந்த விழுதலில் திறமைக் குறைவோ தைரியக் குறைவோ எங்கே இருக்கிறது? ஒரு தகவல் தப்பாகிப் போனது. விழுந்தால் ‘எந்தத் தகவல் தப்பு?’ என்று தேடிப் பார்க்கலாம். ‘நான் யார்?’ என்று கேட்டுக்கொள்வதில் பலன் ஏதும் இல்லை. உங்கள் விஷயத்தில் தகவல் என்ன? ஈர வேர், குறுக்கே கிடந்த கோணம், அதன் மேல் ஏறும் நேரத்தில் பிடித்த முன் பிரேக். இவ்வளவுதான் இருக்கும் என்று என் ஊகம்.

பயத்தைக் குறைக்கும் வழியை உளவியலாளர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பாண்டுரா பாம்புக்குப் பயந்தவர்களை வைத்து இதை ஆராய்ந்தார். ‘பாம்பு ஒன்றும் செய்யாது’ என்று அவர்களிடம் பேசிக்கொண்டிருப்பதை விட, படிப்படியாகச் செய்ய வைப்பதே பலன் தந்தது. முதலில் இன்னொருவர் பாம்பைக் கையாளுவதைப் பார்ப்பார்கள். அப்புறம் கொஞ்சம் பக்கத்தில் போவார்கள், கையுறையோடு தொடுவார்கள், கடைசியில் வெறுங்கையால் பிடிப்பார்கள். ‘இந்தக் காரியம் என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை 1977இல் அவர் எழுதினார். நாமே செய்து பார்த்த அனுபவம்தான் அதில் பலமானது. நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பதும், பிறர் சொல்லும் ஊக்கமும், உடம்பின் படபடப்பை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதும் மற்றவை. நம் நண்பர்கள் கையில் எடுப்பதெல்லாம் வெறும் ஊக்க வார்த்தையைத்தான்.

அதனால் அந்த இறக்கத்துக்கு இப்படிப் போய்ப் பாருங்கள். முதல் நாள் சைக்கிளைக் கொண்டுபோகவே வேண்டாம், நடந்து போங்கள். மேலே நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது, மண் எங்கே அரித்திருக்கிறது என்று பாருங்கள். வேரைக் காலால் மிதித்துப் பாருங்கள், பட்டை உரிந்த இடம்தான் வழுக்கும். வேர் பாதைக்கு நேர் குறுக்கே கிடக்கிறதா, சாய்வாகவா? சாய்வான வேர்தான் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போகும். அதற்கு இரண்டடி முன்னால் திருப்பத்தை முடித்துவிட்டு, வேரை நேராகத் தாண்ட இடம் இருக்கிறதா? எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்று ஒரு கல்லை அடையாளம் வையுங்கள். அரை மணி நேரம் இதற்கே போகட்டும்.

அடுத்த வாரம் சைக்கிளோடு போங்கள். ஆனால் அந்த வேருக்குப் போக வேண்டாம். அதே மாதிரி வேர், சமதரையில் எங்கேயாவது இருக்கும். நடக்கும் வேகத்தில் பத்து தடவை தாண்டுங்கள். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், குதிகால் கொஞ்சம் கீழே, பாரம் காலில், கை லேசாக, பிரேக்கில் ஒரே ஒரு விரல். வேரைத் தொடுவதற்கு முன்பே கண் வேரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். அப்புறம் லேசான சரிவில் ஒரு வேர். அப்புறம் உங்கள் இறக்கத்தின் கடைசிப் பத்தடி மட்டும், பிறகு பாதியிலிருந்து, பிறகு மேலிருந்து. ஒவ்வொரு படியிலும் மூன்று தடவை நல்லபடியாகப் போனால் அன்றைக்கு அத்தோடு கிளம்பிவிடுங்கள். ‘இன்னும் ஒரு தடவை’ வேண்டாம். களைத்த பிறகு ஓட்டும் கடைசித் தடவையில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். நல்லபடியாக முடித்த நினைவோடு வீட்டுக்குப் போவது அடுத்த வாரத்துக்கு உதவும்.

படபடப்பு வந்தால் நின்று, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள், ஐந்தாறு தடவை. இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். அதற்கப்புறமும் ‘இன்று வேண்டாம்’ என்று மனசு சொன்னால் தள்ளிக்கொண்டு வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்த வேலையை நீங்களே செய்யலாம், இல்லை ஓட்டும் திறமையைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு கோச்சோடு செய்யலாம். எட்டு பத்து வாரத்தில் வித்தியாசம் தெரியும் என்பது என் அனுபவம்.

இப்போது இரண்டாவது விஷயம். என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது உங்கள் பயம் இல்லை. ‘எதற்குமே’ என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வார்த்தைதான். ஒரு வேரில் சக்கரம் வழுக்கியது, வேலை, வீடு, நட்பு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அது எப்படி நடந்தது?

பவுலின் ஃபெராண்ட்-பிரிவோ என்ற பிரெஞ்சு வீராங்கனையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல், 23 வயதில், ரோடு, சைக்ளோகிராஸ் (சேறும் தடைகளும் உள்ள சுற்றுப்பாதைப் போட்டி), மவுண்டன் பைக் மூன்றிலும் ஒரே நேரத்தில் உலக சாம்பியனாக இருந்தார். அதற்கு முன் யாரும் அப்படி இருந்ததில்லை. அடுத்த வருடம் ரியோ ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் போட்டியைப் பாதியில் விட்டு வெளியேறினார். காயங்களோடு சேர்ந்து மனச்சோர்வும் அப்போது தன்னை அழுத்தியதைப் பின்னால் அவரே வெளிப்படையாகப் பேசினார். மூன்று உலகப் பட்டம் கையில் இருந்தவருக்கே பட்டங்கள் அந்த நேரத்தில் துணை நிற்கவில்லை. ஓர் இறக்கத்தை ஓட்டிக் காட்டினால் உங்கள் மனசு நிரந்தரமாகச் சரியாகிவிடும் என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

ஜெனிஃபர் க்ராக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மனிதர்கள் தங்கள் மதிப்பை ஏதோ ஒன்றின் மேல் கட்டி வைக்கிறார்கள்: சிலர் படிப்பின் மேல், சிலர் தோற்றத்தின் மேல், சிலர் பிறர் பாராட்டின் மேல், சிலர் போட்டியில் ஜெயிப்பதன் மேல். எதன் மேல் கட்டியிருக்கிறார்களோ அதில் ஏற்றம் வந்தால் ஏறுகிறார்கள், இறக்கம் வந்தால் இறங்குகிறார்கள். மற்ற விஷயத்தில் அடிபட்டால் அவ்வளவாக அசைவதில்லை. பிரிட்டன் ப்ரூவர் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993இல் விளையாட்டு வீரர்களைப் பற்றிச் சொன்னதும் இதற்கு நெருக்கமானதுதான். ‘நான் ஒரு விளையாட்டு வீரன்’ என்பதே ஒருவரின் முழு அடையாளமாக இருந்தால் பயிற்சியில் அது பலம், காயம் பட்டு உட்காரும்போது அதுவே பலவீனம்.

உங்களைப் பற்றி எழுதச் சொன்னால், ஐந்து வருடம் முன்பு என்ன எழுதியிருப்பீர்கள், இப்போது என்ன எழுதுவீர்கள்? சைக்கிள் வந்த பிறகு வேறு எதெல்லாம் மெல்ல நின்றுபோனது? பெரும்பாலானவர்கள் இதற்கு உடனே பதில் சொல்வார்கள்: ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போவது, பழைய கல்லூரி நண்பன், கேரம், தபலா. அவற்றில் ஒன்றைத் திரும்ப ஆரம்பியுங்கள். சைக்கிளுக்குப் பதிலாக என்று நினைக்க வேண்டாம், பக்கத்தில் அதுவும் இருக்கட்டும். என்னோடு ஓட்டும் ஒருவர் முதுகு அடிபட்டு ஆறு மாதம் வீட்டில் இருந்தபோது, மகளுக்குத் தினமும் சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். ‘அந்த அரை மணி நேரம் நான் விழுந்தவன்ங்கிற ஞாபகமே இல்லை’ என்றார். இதைவிடப் பெரிய தத்துவம் எதையும் நான் தேடவில்லை.

உங்களுக்குள் நீங்கள் பேசிக்கொள்ளும் பேச்சையும் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் குழுவில் ஒருவர் விழுந்து காறை எலும்பு முறிந்து, பயமாக இருக்கிறது என்று சொன்னால், ‘நீ எதற்குமே லாயக்கில்லை’ என்றா சொல்வீர்கள்? தோளில் கை வைத்து, ‘விடுங்க, மெதுவா வாங்க, நான் கூட வரேன்’ என்பீர்கள். அதே வார்த்தையை உங்களுக்கும் சொல்லுங்கள். முதலில் செயற்கையாக இருக்கும், பரவாயில்லை.

ஸ்ட்ராவா விஷயம். நேரம் காட்டுவது தப்பில்லை. ஆனால் இறக்கத்து நேரத்தை வைத்து மனிதர்களை வரிசைப்படுத்துவது எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. அந்த வரிசையில் மழை தெரியாது, சைக்கிளின் விலை தெரியாது, காறை எலும்பும் தெரியாது. இப்போதைக்கு உங்கள் ஓட்டங்களை ‘உங்களுக்கு மட்டும்’ என்று மாற்றி வையுங்கள், வரிசையில் வராது. குழுவை மூன்று மாதம் மியூட் செய்யுங்கள். நண்பர்களில் ஒருவரிடம் மட்டும் நேரில், ‘எனக்கு அந்த இடத்தில் பயமாக இருக்கு, கொஞ்சம் மெதுவாகப் போகலாமா’ என்று சொல்லிப் பாருங்கள். அவரும் எங்கேயாவது இறங்கித் தள்ளியவராக இருப்பார். நான் இப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் நிறையப் பேர் திரும்பி வந்து சொன்னது இதைத்தான்.

மீண்டு வந்தவர்களின் கதைகளை யாராவது அனுப்பினால் ஜாக்கிரதையாகப் படியுங்கள். சுவிட்சர்லாந்தின் யோலாண்டா நெஃப் 2019 டிசம்பரில் அமெரிக்காவில் பயிற்சியின்போது விழுந்தார். மண்ணீரல் கிழிந்தது, விலா எலும்பு முறிந்தது, நுரையீரல் பாதிக்கப்பட்டது. 2021 ஜூனில் கையும் முறிந்தது. அடுத்த மாதமே டோக்கியோவில் தங்கம் வென்றார். நான் மிகவும் மதிக்கும் வீராங்கனை. ஆனால் ஓட்டுவதே அவர் தொழில். மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சூழ்ந்திருந்தும் முதல் விபத்துக்கும் அந்தத் தங்கத்துக்கும் நடுவே 19 மாதம் ஆனது. நீங்கள் திங்கட்கிழமை ஆபீஸ் போகிறவர், எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. அந்தக் கதையைச் சாட்டையாக எடுத்து உங்களையே அடித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த 40,000 ரூபாய். மைண்ட்செட் கோச் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதற்கென்று உரிமம் எதுவும் இல்லை. அதனால் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நல்லவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டும் முன் அவரிடம் பேசிப் பாருங்கள். எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். தன்னால் கையாள முடியாத நிலை வந்தால் யாரிடம் அனுப்புவார் என்று கேளுங்கள். இதற்குத் தயங்காமல் பதில் வந்தால் எனக்கு நம்பிக்கை வரும். ‘12 வாரத்தில் பயமே இல்லாத ஆளாக மாற்றுகிறேன்’ என்று சொன்னால் வேண்டாம். பயமே இல்லாதவரோடு நான் மலைக்குப் போக மாட்டேன். ‘வேகமாக ஓட்டினால் தன்னம்பிக்கை வரும், தன்னம்பிக்கை வந்தால் வாழ்க்கையே மாறும்’ என்ற ரீதியில் பேசினாலும் வேண்டாம், உங்கள் மதிப்பை மறுபடியும் அந்த இறக்கத்தில் கொண்டுபோய்த்தான் கட்டுவார். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால், முதல் இரண்டு அமர்வுக்கு மட்டும் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஓட்டும் திறமைப் பயிற்சிக்கும், ஒரு பகுதியை முறையாகப் படித்த உளவியலாளருக்கும் கொடுப்பேன். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை.

இதையும் மறைக்காமல் கேட்கிறேன். சைக்கிள் இல்லாத நாட்களிலும் இந்த நினைப்பு இருக்கிறதா? இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ மாறி, முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல், வேலையில் மனசு ஓடாமல் இருக்கிறதா? அப்படியென்றால் கோச் யாரும் வேண்டாம், நேராக மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். எலும்புக்கு டாக்டரிடம் போனது போலத்தான் இதுவும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் அன்றைக்கே 14416க்கு போன் செய்யுங்கள். அது அரசின் டெலி மானஸ் உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். இந்தப் பத்தி உங்களுக்குத் தேவைப்படாமல் போனால் எனக்குச் சந்தோஷம்.

சைக்கிளை விற்பதா என்று கேட்டிருந்தீர்கள். விற்கலாம். மவுண்டன் பைக்கை விட்டுவிட்டு ரோடு சைக்கிளுக்கோ நடைக்கோ போன நண்பர்கள் எனக்கு உண்டு, நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் மனசு இப்படி அடிபட்டிருக்கும்போது முடிவெடுக்காதீர்கள், மழைக்காலம் முடியட்டும். அதுவரை அது வராந்தாவில் நிற்கட்டும்.

அப்புறம், இரண்டு மாதம் நின்ற சைக்கிள் அது. ட்யூப்லெஸ் என்றால் டயருக்குள் இருக்கும் சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) காய்ந்திருக்கலாம், பார்த்துப் புதிதாக ஊற்றுங்கள். பிரேக் லீவரை அழுத்திப் பாருங்கள். கைப்பிடி வரை வந்து தொட்டால் கடையில் கொடுத்து ப்ளீட் செய்து, அதாவது பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை எடுத்து, வாங்குங்கள். அதற்கு முன்னால் வேருக்குப் பக்கத்தில் போக வேண்டாம்.